ஸ்கேனருக்கு முன் ஒரு பதிவேடு

ஊர்ப் பொது நூலகம், தமிழ்ச் சங்கம், நூற்றாண்டு கண்ட பள்ளிக்கூடம், தொழிற்சங்க அலுவலகம், மடம், அச்சகம் நடத்திய குடும்பத்தின் மாடியறை என்று நம் ஊர்களில் பழைய தாள்கள் அடைந்து கிடக்கும் இடங்கள் பல. ஆவணக் காப்பகம் என்ற பலகை எதிலும் தொங்காது. சம்பளத்துக்கு ஆள் கிடையாது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரோ புத்தகப் பித்துப் பிடித்த ஒருவரோ மாலை வேளைகளில் வந்து பார்த்துக்கொள்வார். இப்படிப்பட்ட இடத்துக்கு என்றாவது கொஞ்சம் நன்கொடை வந்தால் முதலில் வாங்கப்படும் பொருள் ஸ்கேனர். சில மாதங்களில் ஒரு ஹார்டு டிஸ்க் நிறையப் படங்கள் சேர்ந்துவிடும். எந்தப் படம் எந்தக் கட்டிலிருந்து எடுத்தது, அந்தக் கட்டு இப்போது எந்த பீரோவில் இருக்கிறது, இன்னும் எவ்வளவு பாக்கி என்ற கேள்விகளுக்கான விடை அந்த ஒருவரின் நினைவில் மட்டும் இருக்கும். வேலையின் வரிசை இங்கே தலைகீழாகிவிட்டது. என்னென்ன இருக்கின்றன என்ற பதிவேடு, அவை இருக்கும் அறையின் வெப்பமும் ஈரமும், பிரதிகளின் பாதுகாப்பு ஆகிய மூன்றையும் கவனித்த பிறகுதான் ஸ்கேனரால் பயன் உண்டு. இந்த மூன்றுக்கும் வேண்டிய அறிவும் கருவிகளும் இன்று இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. சிறு காப்பகங்கள் அவற்றைத் தேடிப் போகாததற்குப் பணமின்மை காரணமாக இருக்க முடியாது.

பழம்பொருள்களை அழிக்கும் சக்திகள் எவை என்று கனடியப் பேணுகை நிறுவனம் ஒரு பட்டியல் தொகுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. உலகெங்கும் அருங்காட்சியகத் துறையினர் பாடமாகப் படிக்கும் பட்டியல் அது. விழுதல், நசுங்கல் போன்ற அடிபடல்கள், திருட்டு, தீ, தண்ணீர், பூச்சி, மாசு, ஒளி, பொருந்தாத வெப்பம், பொருந்தாத ஈரப்பதம் என ஒன்பதை யாரும் ஊகித்துவிடலாம். பத்தாவதுதான் கவனிக்க வேண்டியது. பொருளுக்கும் அதைப் பற்றிய தகவலுக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோவதையும் கரையானுக்கும் தீக்கும் சமமான அழிவுச் சக்தியாக அந்த நிறுவனம் எண்ணுகிறது. ஒரு புகைப்படம் சுருக்கமோ கறையோ இல்லாமல் பளிச்சென்று இருக்கலாம். அதில் நிற்பவர்கள் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பது தெரியாமல் போனால் வரலாற்றாய்வாளருக்கு அது பெரும்பாலும் வெறும் தாள்தான். தாளின் சிதைவு கண்ணுக்குத் தெரியும். தொடர்பு அறுவது தெரியாது, அதனால் அதற்கு அவசரம் காட்டுவோரும் இல்லை.

இது ஏட்டுக் கவலை இல்லை என்பதற்கு இரண்டு பெரிய சாட்சிகள் உண்டு. ஜெர்மனியின் கொலோன் நகர ஆவணக் காப்பகம் 2009 மார்ச் 3ஆம் தேதி, பக்கத்தில் நடந்த மெட்ரோ சுரங்க வேலையால் இடிந்து விழுந்தது. அலமாரித் தட்டுகளை வரிசையாக வைத்தால் சுமார் 30 கிலோமீட்டர் நீளம் வரும் ஆவணங்கள் இடிபாட்டுக்குள் போயின. அவற்றில் சுமார் 95 விழுக்காட்டை மீட்டார்கள். கேட்பதற்கு வெற்றி போலத் தோன்றும். ஆனால் மீட்டவை இடம் மாறி, கட்டு பிரிந்து, லட்சக்கணக்கான துண்டுகளாகக் கலந்து கிடந்தன. எந்தத் துண்டு எந்தக் கோப்பைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்கும் வேலை பல பத்தாண்டுகளை விழுங்கும் வேலையாகிவிட்டது. இன்னொன்று லண்டனில் நடந்தது. 2023 அக்டோபரில் இணையத் தாக்குதல்காரர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினி அமைப்பை முடக்கினார்கள். ஒரு புத்தகம்கூட எரியவில்லை, நனையவில்லை. ஆனால் இணையவழிப் பட்டியல் போயிற்று. 2024 ஜனவரி நடுவில் அது ஓரளவு திரும்பும்வரை, அலமாரியில் பத்திரமாக இருந்த நூல்களில் பெரும்பகுதி வாசகருக்கு இல்லாதவையாகவே இருந்தன. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே பட்டியல்தான் உயிர்நாடி என்றால், பட்டியலே இல்லாத மாடியறையின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

பட்டியல் என்றதும் பலர் பின்வாங்குவதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு தாளையும் எடுத்து, வாசித்து, சுருக்கம் எழுதுவது என்று அதைப் புரிந்துகொள்கிறார்கள். ஆவணவியல் அப்படிக் கேட்பதே இல்லை. பன்னாட்டு ஆவணக் காப்பகக் குழு வகுத்த விவரிப்புத் தரநிலையில் 26 கூறுகள் உள்ளன. முழு ஆவணமும் அந்தக் குழுவின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அந்த 26இல் அவசியம் என்று சொல்லப்படுபவை ஆறு மட்டுமே. குறியீடு, தலைப்பு, உருவாக்கியவர், காலம், அளவு, எந்த நிலை என்பன அவை. நிலை என்பது முழுத் தொகுப்பா, அதற்குள் ஒரு வரிசையா, ஒரு கோப்பா, தனித் தாளா என்பதைக் குறிக்கும். ஒரு தமிழ்ச் சங்கத்தின் பீரோவில் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய விழா அழைப்பிதழ்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘த.ச. 3; ஆண்டுவிழா அழைப்பிதழ்கள்; சங்கச் செயலர் அலுவலகம்; 1936 முதல் 1958 வரை; 2 பெட்டி, சுமார் 300 தாள்; வரிசை’ என்று ஒரு வரி எழுதினால் அந்த இரண்டு பெட்டியும் உலகத்துக்குத் தெரிந்துவிட்டன. எழுத ஆகும் நேரம் கால் மணி. எந்த பீரோ, எந்தத் தட்டு என்று ஏழாவதாக ஒரு கட்டத்தையும் சேர்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். 300 தாளையும் தனித்தனியாகப் பதிவது பிறகு நேரம் கிடைத்தால் செய்ய வேண்டியது. அமெரிக்க ஆவணவியலாளர்கள் மார்க் கிரீனும் டெனிஸ் மெய்ஸ்னரும் 2005இல் எழுதிய, அத்துறையில் பெரும் விவாதத்தைக் கிளப்பிய கட்டுரை இதைத்தான் வற்புறுத்தியது. சில கட்டுகளை நுணுக்கமாகச் செப்பனிட்டு மீதியை மூடி வைப்பதைவிட எல்லாக் கட்டுகளுக்கும் சுருக்கமான விவரம் தருவதே வாசகருக்கு நல்லது என்றார்கள்.

இந்தத் தரநிலையை அடிப்படையாகக் கொண்டு ஆட்டம் என்ற இலவச மென்பொருளும் இருக்கிறது. பன்னாட்டு ஆவணக் காப்பகக் குழுவின் முயற்சியில் பிறந்த திறந்த மூல மென்பொருள் அது. ஆனால் அதை நிறுவ சர்வர் வேண்டும், அதைப் பராமரிக்கக் கணினி தெரிந்த ஒருவர் வேண்டும். அவர் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டால் மென்பொருள் தூசி படிந்த இன்னொரு பீரோவாகிவிடும். ஆகவே சிறு காப்பகங்களுக்கு எக்செல் போன்ற ஓர் அட்டவணையே போதும் என்பேன். தரநிலையின் ஆறு தலைப்புகளை அப்படியே பத்திகளுக்கு வைத்தால், நாளை எந்த மென்பொருள் வந்தாலும் அட்டவணையை அதற்குள் ஏற்றிவிடலாம். மென்பொருள்கள் வரும் போகும். வேண்டிய தகவல் ஒழுங்கான பத்திகளில் இருந்தால் அது இடம்பெயரும். அச்செடுத்த ஒரு படியும் இருக்கட்டும். பிரிட்டிஷ் நூலகத்துக்கு நேர்ந்தது அதற்குப் போதுமான காரணம்.

பொருளே உயிரோடிருந்தால்தானே பதிவேட்டுக்கு வேலை என்று கேட்கலாம். இங்கேதான் அறிவியல் நேரடியாக உள்ளே வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் மரக்கூழிலிருந்து ஆலைத்தாள் செய்யத் தொடங்கியபோது, மை பரவாமலிருக்கப் படிகாரமும் மரப்பிசினும் சேர்த்தார்கள். அந்தப் படிகாரம் ஈரத்தோடு சேர்ந்து அமிலத்தைத் தருகிறது. அமிலம் செல்லுலோஸ் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூற்றை ஆங்காங்கே வெட்டுகிறது. சிதைவிலேயே புதிய அமிலங்கள் உருவாகி வேகத்தை இன்னும் கூட்டுகின்றன. நூறு வயதான நாவல் மடித்த இடத்தில் அப்பளம்போல ஒடிவதும், துணிக்கூழில் செய்த அதைவிடப் பழைய தாள் வளைந்துகொடுப்பதும் இதனால்தான். இந்த வேதிவினையின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. தோராயமாக 5 டிகிரி செல்சியஸ் குறைந்தால் தாளின் ஆயுள் இரட்டிக்கிறது. இதைப் படித்த உடனே நன்கொடையாளரிடம் ஏ.சி. கேட்கத் தோன்றும். அதற்குமுன் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரிலுள்ள பட நிலைபேற்று ஆய்வு நிறுவனம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் பனிநிலைக் கணிப்பானைத் திறந்து பார்க்க வேண்டும்.

அந்தக் கணிப்பானில் மூன்று எண்கள் உண்டு: வெப்பநிலை, ஒப்பு ஈரப்பதம், பனிநிலை. இரண்டைச் சொன்னால் மூன்றாவதைத் தரும். கடலோர ஊர் ஒன்றில் வெளியே 32 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 70 விழுக்காடு என்று கொடுத்தால் பனிநிலை ஏறத்தாழ 26 டிகிரி என்று வரும். அதாவது 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பின்மீது அந்தக் காற்று பட்டாலும் நீர் கோக்கும். இனி ஏ.சி. அறைக்கு வருவோம். பகலெல்லாம் 24 டிகிரியில் வைத்திருந்து, மின்கட்டணத்துக்கு அஞ்சி மாலை ஆறு மணிக்கு நிறுத்திவிட்டுச் சன்னலைத் திறந்தால், 24 டிகிரியில் இருக்கும் இரும்பு பீரோவின்மீதும் புத்தக அட்டைகளின்மீதும் வெளிக்காற்று படிந்து நனைக்கும். தினமும் சில மணி நேரம் மட்டும் ஏ.சி. ஓடும் அறை, ஏ.சி.யே இல்லாத அறையைவிட மோசமாகிவிடக் கூடும். இரவும் பகலும் ஓட்ட முடியாதவர்கள் அந்தப் பணத்தில் நல்ல அட்டைப்பெட்டிகளும் ஒரு மின்விசிறியும் வாங்குவதே மேல்.

அதே கணிப்பான் இன்னொரு பழக்கத்தையும் கேள்வி கேட்கிறது. வெயில் படாத, குளுமையான தரைத்தள அறையே காகிதத்துக்கு நல்லது என்று நினைத்துக் கட்டுகளை அங்கே வைக்கிறோம். மழைக்காலத்தில் அந்த அறை 28 டிகிரி, 80 விழுக்காடு என்று இருந்தால், அதே காற்று 31 டிகிரியுள்ள மாடியறையில் சுமார் 67 விழுக்காடாக இறங்கிவிடும். காற்றிலுள்ள நீராவி கூடவுமில்லை, குறையவுமில்லை. மூன்று டிகிரி வெப்பம் செய்த மாற்றம் இது. பூஞ்சணம் 65 விழுக்காட்டுக்குக் கீழே பொதுவாக முளைப்பதில்லை. 80ஐத் தாண்டினால் வாரக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் படர்ந்துவிடும். மாடியின் கூடுதல் வெப்பம் அமிலச் சிதைவை விரைவுபடுத்தும் என்பது உண்மை, மேலே சொன்ன கணக்குப்படி ஒன்றரை மடங்கு வரை. ஆனால் அமிலம் பல பத்தாண்டுகளில் செய்வதைப் பூஞ்சணம் ஒரு மழைக்காலத்தில் செய்துவிடும். கூரை ஒழுகாத மாடியறையைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கணிப்பான் சொல்கிறது. எந்த அறை என்ற ஒரே முடிவு, எந்தச் செலவும் இல்லாமல், தொகுப்பின் ஆயுளை மாற்றிவிடுகிறது.

கணிப்பானுக்குக் கொடுக்க எண்கள் வேண்டும். சில நூறு ரூபாய்க்கு விற்கும் ஈரப்பதமானியை எவ்வளவு நம்பலாம் என்ற சந்தேகம் நியாயமானது. அதைச் சோதிக்கச் சமையலுப்பே போதும். ஒரு புட்டி மூடியில் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் ஈரமணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். அதையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத பையில் இட்டு மூடி, ஓர் இரவு அறைக்குள் வைக்க வேண்டும். நிறைவுற்ற உப்புக்கரைசலுக்கு மேலுள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம் நம் அறைவெப்பத்தில் 75 விழுக்காடுதான், அது மாறாது. காலையில் மானி 71 காட்டினால் அது நான்கு குறைத்துக் காட்டுகிறது என்று ஒட்டுத்தாளில் எழுதி அதன் முதுகில் ஒட்டிவிடலாம்.

பூச்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். வேப்பிலை, வசம்பு, அந்துருண்டை என்று நம்மிடம் மருந்துகள் உண்டு. ஆனால் அந்துருண்டையின் ஆவி அந்த அறையில் உட்காரும் மனிதருக்கும் கெடுதல். அறையைச் சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்து, சுவரோரம் பசைப்பொறி வைத்து, சிக்குவது இராமபாணமா கரையானா சிகரெட் வண்டா என்று எண்ணிக் குறிப்பதே இன்றைய முறை. ஈரத்தை அடக்கினால் பாதிப் பூச்சி தானே அடங்கும்.

இப்போது முதன்மையான மறுப்புக்கு வருவோம். தாள் கண்ணெதிரே நொறுங்கும்போது பதிவேடு எழுதிக்கொண்டிருப்பது தாமதம், முதலில் படமெடுத்துக் காப்பாற்றுவதுதானே அறிவு என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. ஒலிநாடாக்களும் புளிக்காடி நாற்றம் வீசத் தொடங்கிய பழைய பிலிம் சுருள்களும் காத்திருக்கா. நாடாவை ஓட்டும் கருவிகளே அரிதாகிவிட்டன. அவற்றை உடனே எண்மமாக்கத்தான் வேண்டும். ஆனால் எந்தப் பெட்டியில் நாடா இருக்கிறது, எந்தச் சுருள் நாறுகிறது, எந்த இதழின் பிரதி வேறெங்கும் இல்லை என்பது பதிவேடு எழுதினால்தான் தெரியும். இல்லையென்றால் கைக்கு எட்டிய அலமாரியிலிருந்து தொடங்கி, ஏற்கெனவே தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்திலோ ரோஜா முத்தையா நூலகத்திலோ நூலகம் தளத்திலோ உள்ள புத்தகத்தையே மறுபடியும் ஸ்கேன் செய்துகொண்டிருப்போம். பிரிட்டிஷ் நூலகத்தை மையமாகக் கொண்டு 2004 முதல் இயங்கும் அழிநிலை ஆவணங்கள் திட்டம், தன் அனுபவத்தை ‘ரிமோட் கேப்சர்’ என்ற நூலாக 2018இல் இலவசமாக வெளியிட்டது. மின்சாரம் நிலையில்லாத ஊர்களில் எண்மமாக்கும் கலை பற்றிய அந்த நூலைப் படித்தால், கேமராவைத் தொடுவதற்கு முன்னால் எவ்வளவு பட்டியல் வேலையும் பெயரிடும் ஒழுங்கும் தேவை என்பது விளங்கும்.

படமெடுத்ததோடு பாதுகாப்பு முடிந்துவிடுவதும் இல்லை. ஹார்டு டிஸ்க் ஐந்தாறு ஆண்டுகளில் நம்பமுடியாததாகிவிடும். தாள் மெல்ல மெல்லச் சாகும், டிஸ்க் ஒரே நாளில் சாகும். அமெரிக்காவின் தேசிய எண்மக் காப்புக் கூட்டமைப்பு 2013இல் வெளியிட்டு 2019இல் திருத்திய நான்கு படிநிலை அட்டவணை ஒரே பக்கத்தில் அடங்குவது. அதன் முதல் படி கேட்பது மிக எளிது: இரண்டு முழுப் பிரதிகள், வேறு வேறு இடங்களில். வேறு இடம் என்பதன் அருமையை நமக்கு வெளியார் சொல்ல வேண்டியதில்லை. 1981இல் மே மாத இறுதி இரவில் தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் ஒரே கட்டடத்தில் இருந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து எழுத்துகளை எண்மமாக்கி எவரும் தரவிறக்கும்படி திறந்து வைத்ததால், அவற்றின் படிகள் இன்று எத்தனையோ ஊர்களில், எத்தனையோ கணினிகளில் பரவிக் கிடக்கின்றன. பிரதி கெடாமல் இருக்கிறதா என்று அறிய செக்சம் என்ற முறை உண்டு. ஒரு கோப்பின் எல்லாத் தரவையும் கணக்கிட்டுக் கணினி ஒரு நீண்ட குறியெண்ணைத் தரும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் குறியெண் முற்றிலும் மாறிவிடும். விண்டோஸிலும் லினக்ஸிலும் இதற்கான வசதி கூடவே வருகிறது. குறியெண்களைப் பதிவேட்டில் இன்னொரு பத்தியாகச் சேர்த்து, ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பிட்டால் போதும்.

இருப்பதை வெளியே சொன்னால் திருடனுக்கு வழிகாட்டியதாகாதா என்ற அச்சம் நம் ஊரில் வலுவானது, காரணமில்லாததும் அல்ல. ஆனால் நடந்ததைப் பாருங்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன சோழர்கால நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அந்தச் சிலை எந்தக் கோயிலுடையது என்பதை நிலைநாட்ட உதவியவை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்களைக் கொண்ட தொகுப்பிலிருந்த படங்கள். 2014 செப்டம்பரில் நடராசர் இந்தியா திரும்பினார். எந்த ஊர், எந்தக் கோயில், எந்த ஆண்டு என்ற குறிப்பு இல்லாதிருந்தால் அவை அழகான கறுப்புவெள்ளைப் படங்களாக மட்டும் இருந்திருக்கும், சாட்சியாகி இருக்காது. திருடனுக்கு வேண்டியது பீரோவின் இடமும் பூட்டின் தரமும். அந்த ஏழாவது கட்டத்தை மட்டும் வெளியிடாமல் வைத்துக்கொண்டு மீதியை வெளியிடலாம். பதிவேட்டில் இல்லாத பொருள் காணாமல் போனால், போனதே நமக்குத் தெரியாது.

இந்த அறிவெல்லாம் குளிர்நாட்டில் பிறந்தது, 20 டிகிரியும் 50 விழுக்காடும் நமக்கு எட்டாக்கனி என்ற மறுப்பு ஒருகாலத்தில் சரியாக இருந்தது. ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே எண் என்ற பிடிவாதத்தைப் பேணுகைத் துறையே தளர்த்திவிட்டது. 2014இல் பன்னாட்டுப் பேணுகை அமைப்புகள் இரண்டு கூடி, அந்தந்த ஊரின் பருவநிலையை ஒட்டியே இலக்குகளை வகுக்க வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டன. நீராவியின் கணக்கு ராச்செஸ்டருக்கும் ராமநாதபுரத்துக்கும் ஒன்றுதான். கொடுக்கும் எண்கள்தான் வேறு.

மொழி பற்றிய மறுப்புக்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை. மேலே சொன்ன தரநிலையும் கணிப்பானும் குறிப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. மாலையில் வந்து பீரோவைத் திறக்கும் அந்த ஆசிரியருக்கு அவை எட்டுவது கடினம். தமிழ் விக்கிப்பீடியாவில் ஆயிரக்கணக்கான கட்டுரைகளை ஊதியமின்றி எழுதிக் குவித்தவர்கள் இருக்கிறார்கள். தமிழில் நூலக அறிவியல் படித்தவர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். உரியவர்களிடம் அனுமதி பெற்று இவர்கள் செய்ய வேண்டியது பெரிய நூல்களின் மொழிபெயர்ப்பு அன்று. அந்த ஆறு கூறுகளுக்கு எடுத்துக்காட்டுகளுடன் நான்கு பக்கம், கனடியர்களின் பத்து அழிவுச் சக்திகளுக்குப் பத்துப் பக்கம், நம் கடலோரத்துக்கும் உள்மாவட்டங்களுக்கும் ஏற்ற ஈரப்பத அட்டவணை ஒன்று. இவற்றைத் தமிழில் எழுதி, அச்சிட்டு ஒட்டும்படி வெளியிடுங்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன் வந்தால் நல்லது.